வெறுமையாய் விடப்பட்ட துவாரம்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பிலிமத்தலாவை வரும். குத்துவிளக்குகளும் தட்டங்களும் கண்ணைப் பறிக்கும் பித்தளைக் கடைகள் அங்கே சாலையோரத்தை அணிசெய்கின்றன. அவற்றை நாடி வருவோர், மணலும் செங்கல்லும் சுமந்து அதே சாலையில் ஊர்ந்து செல்லும் பழைய உழவு யந்திரங்களைப் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய யந்திரம் ஒன்று எம்மிடமும் உண்டு. மாசி பெர்குசன் 35 என்பது அதன் பெயர்.

அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பிறந்த ஹரி பெர்குசன் என்பார், கலப்பையை யந்திரத்துடன் ஓருடலாக இணைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் அதனைத் தூக்கவும் தாழ்த்தவும் வழிகண்டவர். அவர் பெயர் தாங்கிய சாம்பல் நிறச் சிறு யந்திரங்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாயின. அவற்றின் வழித்தோன்றலே இந்த 35. பற்சக்கரப் பெட்டிக்கும் தூக்கும் பொறிக்கும் இதில் ஒரே எண்ணெய்தான். ஆகவே ஒன்றிற் சேறு புகுந்தால் மற்றதும் கெடும்.

பின்புறம் சாய்ந்து மண் கொட்டும் பெட்டியை இணைப்பதற்கென இதன் தூக்கும் பொறியின் மேல் ஒரு துவாரம் உண்டு. எம்மிடம் அத்தகைய பெட்டி இல்லை. யந்திரம் எம் கைக்கு வந்தபோது அத்துவாரத்தில் கந்தை சுற்றிய மரக்கட்டை அறையப்பட்டிருந்தது. பார்த்தவர்கள், "ஒழுகவில்லையே, பின் என்ன?" என்றனர். தூக்குங் கைகள் வெறுமையாயிருக்கையில் அங்கே அழுத்தம் மிகக் குறைவு. ஆதலால் மரக்கட்டையும் நிற்கும். கலப்பையைத் தூக்கியதும் அதே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான இறாத்தலாக ஏறும். உச்ச நிலையில் 2000 இறாத்தலையும் தாண்டும். அவ்வேளையிற் கட்டை தெறித்தால் எண்ணெய் பீறிடும். கலப்பை பொத்தென்று விழும். அதன் கீழே ஒரு பிள்ளை குனிந்து பந்தெடுக்கவும் கூடும் அன்றோ!

பித்தளைக்குப் பேர்போன ஊராயிற்றே என்று, வார்ப்பு வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் அடைப்பான் ஒன்று வார்த்துத் தரும்படி கேட்டோம். துவாரத்தின் பயனைக் கேட்டறிந்த அவர் மறுத்துவிட்டார்.

"மாத்தயா, விளக்கில் எண்ணெய் சும்மா கிடக்கும். உங்கள் மெசினில் அது முட்டும். வார்ப்பிலே கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். கடையில் உருக்கு பிளக் வாங்குங்கள்."

வந்த வேலையைத் தள்ளிவிட்ட அந்த நேர்மையை என்னென்பது!

ஆயினும் உருக்கு அடைப்பான் வாங்குவதும் எளிதன்று. மரையை அறிந்து வாங்க வேண்டும். அரை அங்குலக் குழாய் மரையில் பிரித்தானிய முறைக்கும் அமெரிக்க முறைக்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே. ஆனால் புரியின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. இரண்டு மூன்று சுற்று இணங்கிப் போகும். பின்னர் இறுகியதுபோற் காட்டி ஒழுகும். கூம்பிச் செல்லும் மரை தானே இறுகி அடைக்கும். ஒரே அளவாய் ஓடும் மரைக்கோ தலையின் கீழே வாசர் வேண்டும். எமது யந்திரத்தில் உள்ளது இரண்டாம் வகை. செப்பு வாசரைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்தி மென்மையாக்கித் தந்தவர் அதே முதியவர்தான்.

கைகளை முற்றாகத் தாழ்த்தி, யந்திரத்தை நிறுத்தி, சுற்றுப்புறத்தைத் துடைத்த பின்னரே மரக்கட்டையைக் கழற்றினோம். மரைக்கு நாடா சுற்றவில்லை. அதன் நறுக்குகள் உள்ளே சென்று வால்வுகளை அடைக்கும். பின்பு சுமை ஏற்றிக் கசிவு பார்த்தோம். பார்த்தது கடதாசி அட்டையால், விரலால் அன்று. நுண்ணிய எண்ணெய்ப் பீச்சு தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். டீசல் பொறியின் எண்ணெய் அவ்வாறு புகுந்த செய்தி 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேறு யந்திரம் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். பெர்குசன் முறையில் பம்பு தேவைப்பட்டாலன்றி எண்ணெயை உறிஞ்சாது; ஆதலால் இவ்வாறு அடைத்தல் தகும். எண்ணெய் ஓயாது சுற்றிவரும் யந்திரங்களிலோ, போகும் வழியை அடைத்துத் திரும்பும் வழி வையாது விட்டால் பம்பே சிதையும். அங்கே அடைப்பதற்கு முன் எண்ணெய் ஓடும் வழியை அறிதல் வேண்டும்.

பெரும்போகத்து உழவு தொடங்குமுன், பழைய யந்திரம் வைத்திருக்கும் அன்பர்கள் அதன் பின்புறத்தை ஒருமுறை துடைத்துப் பார்ப்பார்களாக. கந்தையோ கட்டையோ கண்ணிற் பட்டால், கலப்பையைத் தூக்குமுன் அதனை மாற்றிவிடுதல் நன்று.