தன்வினையும் பிறவினையும்

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவர்க்குத் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு எளிதில் விளங்கும். ஒருவன் தானே ஒரு தொழிலைச் செய்தால் ‘செய்தான்’ என்கிறோம். பிறரைக் கொண்டு செய்தால் ‘செய்வித்தான்’ என்கிறோம். வி, பி என்னும் விகுதிகளைக் காட்டி நன்னூலார் இதனை வகுத்துரைப்பார். ஆயின் செய்விப்பவனுக்கும் செய்பவனுக்கும் இடையே கூலி என ஒன்று உண்டு. செய்பொருள் இடையில் உடைந்துபோனால் அவ்விழப்பு யார் தலையில் விழும் என்ற வினாவும் உண்டு. இவற்றை இலக்கணம் பேசுவதில்லை. பேச வேண்டிய கடப்பாடும் அதற்கில்லை. வாழ்க்கையோ அவற்றைத்தான் முதலிற் பேசுகிறது. கணிப்பொறியின் செயலியைப் பற்றிய ஒரு செய்தியைக் கொண்டு ஈண்டு இதனைச் சிறிது ஆராய எண்ணுகிறோம். தமிழ்த்துறை மலரில் செயலிக்கு என்ன வேலை எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். இம்மலரே கணிப்பொறியில் அச்சுக்கோக்கப்பட்டு வருவதால் எம்மைப் பொறுத்தருள்வர் என நம்புகிறோம்.

செயலியின் உயிர்நாடியாக இருப்பது ஒரு சிறு சிலிக்கான் சில்லு. 2017 அக்டோபரில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஐ7-8700கே என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதற்குக் குறித்த விலை 359 டாலர். அதன் சில்லு ஏறத்தாழ 150 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. கட்டைவிரல் நகத்தளவே எனலாம். அவ்வளவு சிறிய இடத்தில் தோன்றும் வெப்பமோ பெரிது. சில்லின்மேல் நிக்கல் முலாம் பூசிய செம்பு மூடி ஒன்று கவிக்கப்பட்டிருக்கும். மூடியின் விளிம்பைப் பச்சைநிற அடித்தட்டோடு கறுப்புச் சிலிகோன் பசை ஒட்டியிருக்கும். தம் பிரியாணிக்குத் தேக்சாவின் வாயை மாவு கொண்டு அடைப்பதை ஒத்தது இது. ஆயின் பிரியாணியில் ஆவி வெளியேறாதிருக்கவே மூடுகிறோம். ஈண்டு அம்மூடியின் வழியாகத்தான் வெப்பம் வெளியேறியாக வேண்டும். சில்லுக்கும் மூடிக்கும் இடையே எஞ்சும் மெல்லிய இடைவெளியை எதனால் நிரப்புவது என்பதிலேதான் சிக்கல் எழுந்தது.

2011இல் வந்த ‘சாண்டி பிரிட்ஜ்’ செயலிகளில் இன்டெல் அவ்விடைவெளியை உலோகப் பற்றாசு கொண்டு நிரப்பியது. 2012இல் வந்த ‘ஐவி பிரிட்ஜ்’ முதலாகப் பற்றாசை விடுத்து வெப்பப் பசைக்கு மாறியது. சிறிய சில்லுகளில் பற்றாசு நாளடைவில் விரிசல் காணும் என்பது ஒரு விளக்கம். செலவுச் சுருக்கமே காரணம் என்பது வாங்கியோரின் முணுமுணுப்பு. வியப்பு யாதெனின், மூடியைப் பெயர்த்து ஆராய்ந்தவர்கள் பசையை மட்டும் குறை கூறவில்லை. விளிம்பில் உள்ள சிலிகோன் ஒட்டின் தடிமன் மூடியைச் சற்றே தூக்கி நிறுத்தி இடைவெளியை மிகுவிப்பதையும் கண்டனர். மூடியைப் பெயர்த்து, பழைய ஒட்டைச் சுரண்டி, பசைக்கு மாற்றாகத் திரவ உலோகம் தடவி மீண்டும் கவித்தால் 10 முதல் 20 பாகை வரை வெப்பம் தணிந்தது. ஆர்வலர் ‘டீலிட்டிங்’ என வழங்கும் மூடி பெயர்ப்பு இவ்வாறே பரவியது.

தொடக்கத்தில் அது துணிச்சற்காரர் தொழிலாகவே இருந்தது. சிலர் சவரத் தகட்டை மூடியின் அடியில் செலுத்தி ஒட்டை அறுத்தனர். சிலர் மூடியைப் பட்டறை வைஸில் கவ்வவைத்து, அடித்தட்டின்மேல் மரக்கட்டையைச் சார்த்திச் சுத்தியலால் தட்டினர். தகடு மயிரிழை ஆழம் மிகுதியாகச் சென்றாலும் அடித்தட்டின் நுண்கம்பிகள் அறுபடும். பின்னர் அச்செயலி சாவிக்கொத்தில் தொங்கவிடவே பயன்படும். 2016இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரோமன் ஹார்ட்டுங் என்பார், ஆர்வலரிடையே ‘டேர்பவர்’ என அறியப்படுபவர், இதற்கெனவே ஒரு கருவியை வெளியிட்டார். செயலியை அதில் அமர்த்தித் திருகாணியைத் திருகினால் மூடி பக்கவாட்டில் நகர்ந்து பெயரும். நடுங்காத கையின் இடத்தை ஒரு திருகாணி எடுத்துக்கொண்டது.

கருவி வந்த பின்னரும் கூலிக்குச் செய்வோர் மறையவில்லை. அமெரிக்காவில் ‘சிலிக்கான் லாட்டரி’ என்றொரு நிறுவனம் செயலிகளைச் சோதித்துத் தரம் பிரித்து விற்றது. மூடி பெயர்த்துத் தருவதையும் தொழிலாகச் செய்தது. பெயர்த்துச் சோதித்த செயலியை அவர்களிடம் வாங்குபவன் எதனை வாங்கினான்? கைத்திறனையன்று, அதுதான் திருகாணிக்குள் அடங்கிவிட்டதே. பெயர்க்கும்போது உடைந்தவை விற்றவன் கணக்கில், உடையாதது வாங்கியவன் கையில் என்னும் நிம்மதியையே வாங்கினான் என்பது எம் கருத்து.

இனி இவ்வயல்நாட்டுச் செய்தி எம் இல்லத்துள் புகுந்த வகையைக் கூறுவோம். எம் தமக்கையார் மகன் நிக்காஹ் நிகழ்ச்சிகளின் ஒளிப்படக் காட்சிகளைத் தொகுத்துக் கொடுத்துப் பொருளீட்டுபவன். 2018இல் தாயின் ஓரிணை வளையலை விற்று 8700கே செயலி கொண்ட கணிப்பொறியை அமைத்தான். செயலிக்கு மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. மறு ஆண்டுக் கோடையில் அது தகித்தது. அச்செயலி 100 பாகையைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாக நீண்டது. ஐரோப்பியன் 20 பாகை அறையில் அமர்ந்து, வேகத்தை இன்னும் சிறிது கூட்டுதற்காக மூடியைப் பெயர்க்கிறான். அவனுக்கு அது விளையாட்டு. நம் கடற்கரை ஊரில் குளிரூட்டி இல்லாத அறை 35 பாகையில் நிற்கிறது. அவன் பெயர்த்துப் பெறும் 15 பாகையை நாம் வானிலைக்கு முன்னரே கொடுத்துவிட்டோம். விற்றபோது இருந்த வேகத்தை மீட்பதற்கே இவன் பெயர்க்க வேண்டியவன் ஆனான்.

எடுத்த எடுப்பிலேயே அவன் அதற்குத் துணியவில்லை. மூடியின்மேற் பூசும் பசையை மாற்றினான். பெரிய விசிறி பூட்டினான். மின்னழுத்தத்தைச் சிறிது தாழ்த்தினான். ஒவ்வொன்றும் சிறிது பயன் தந்தது, போதவில்லை. பெருநகர்க் கடைக்காரர் ஒருவர் மூடி பெயர்த்துத் தருவதாக அறிந்து அவரை நாடினான். கூலி 3,000 ரூபாய் என்றார். அஃதொன்றும் பெரிதன்று. கையொப்பமிடுமாறு அவர் நீட்டிய சீட்டில், செயலிக்கு என்ன நேரினும் கடைக்குப் பொறுப்பில்லை என எழுதியிருந்தது. இன்டெல் தந்த மூன்றாண்டு உத்தரவாதமோ மூடி பெயர்ந்த அக்கணமே அற்றுப்போகும். அதில் இன்னும் இரண்டாண்டு எஞ்சியிருந்தது. ஒப்பமிடாமல் திரும்பி வந்து எம்மிடம் கேட்டான்: “மாமா, காசும் நான் கொடுக்கணும், உடைஞ்சா நட்டமும் எனக்குத்தான்னா, அவர் எதுக்கு?”

இவ்வினா ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது. கூலியாளைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசும்போது, ஒருவருக்கே வேலை செய்பவன், பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கைவினைஞன் என இருவகைப்படுத்தும். பொதுக் கைவினைஞனுக்கு அவை காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று துணி வெளுப்பவன். அவன் அடித்துத் துவைக்கையில் துணி கிழிந்தால் யார் பொறுப்பு? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அவன் செயலாலேயே கிழிந்ததாயின் அவன் ஈடு தரவேண்டும் என்றார்கள். அவன் செயலாலன்றித் துணி அழிந்தால் அஃது அமானிதப் பொருளாகவே கருதப்படும், ஈடு இல்லை என்றார்கள். அவர்தம் மாணாக்கர் அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும், தவிர்க்கவொண்ணாப் பெருந்தீ போன்றவை நீங்கலாக ஏனைய இழப்புகளுக்கும் அவனே பொறுப்பு என இன்னும் இறுக்கினர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தோ, வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாதவிடத்து அவன்மேல் ஈடு இல்லை என்பது. மக்களின் பொருள் காக்கப்படவேண்டி அலீ (ரலி) அவர்கள் கைவினைஞரைப் பொறுப்பாளராக்கினார்கள் என்றோர் அறிவிப்பும் உண்டு. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்தால் அவனே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் காணப்படுகிறது. தீர்ப்புரைக்க யாம் ஆலிம் அல்லோம். எம் ஊர் ஷாஃபிஈ ஊராதலின், அக்கடைக்காரர் எம் பள்ளிவாசல் திண்ணையில் தம் பக்கத்துக்குச் சில ஆதரவாளரைக் கண்டிருக்கவும் கூடும்! எனினும் ஒன்று தெளிவு. இழப்பை யார் ஏற்பது என்பதே இப்பேரறிஞர்கள் தம் அறிவைச் செலுத்திய இடம். கூலி மலிவா, மிகையா என்பது அதற்குப் பின்னர் வருவது.

திருவள்ளுவரும் ‘தெரிந்து செயல்வகை’ என ஓரதிகாரமும் ‘தெரிந்து வினையாடல்’ என ஓரதிகாரமும் தனித்தனியே வகுத்துள்ளார். முன்னது எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்குவது பற்றியது. பின்னது ஆளை ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பது பற்றியது. பொறுப்பேற்காதவனிடம் ஒப்படைத்தால், ஆராய்ச்சியின் சுமை முழுவதும் மீண்டும் முதல் அதிகாரத்துக்கே வந்துவிடுகிறது. அந்நிலையில் அவன் பெறும் 3,000 ரூபாய் கருவியின் வாடகையே. ஆகவே கருவியை நாமே வாங்குவோம் என்றோம். உடைந்தால் வேறொன்றின் விலையில் பாதியை யாம் தருவோம் என்றும் சொன்னோம். யாரேனும் ஒருவர் இழப்பை ஏற்றே தீரவேண்டும் அல்லவா? தமக்கையார் மட்டும், “அவன்தான் சின்னப் பிள்ளை, உனக்கும் அறிவு போச்சா?” என்றார். வளையல் அவருடையது, கேட்கும் உரிமையும் அவருடையதே.

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த உறவினர் வழியாகக் கருவியும் திரவ உலோகமும் வந்தன. இரண்டின் விலையும் கடைக்காரர் கேட்ட கூலிக்கு ஏறத்தாழ ஒத்திருந்தது. பழுதாகிக் கழித்த ஐவி பிரிட்ஜ் செயலிகள் இரண்டினைப் பழம்பொருள் கடையில் வாங்கிக் கைப்பழக்கம் செய்தான். முதலாவதில் சவரத் தகட்டைச் செலுத்திப் பார்த்தான். அடித்தட்டில் கீறல் விழுந்தது. இரண்டாவது கருவியில் ஊறின்றிப் பெயர்ந்தது. வளையலின் செயலியைக் கருவியில் வைத்தது அதற்குப் பின்னரே.

திருகாணி இறுக இறுக ஒலியேதும் இல்லை; பின்பு ‘டக்’ என ஓர் ஓசை. அவ்வோசைக்கு முன்னிருந்த சில நொடிகளைத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரே நன்குணர்வர். மூடி ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. ஒட்டைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, பழம்பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தான். திரவ உலோகம் காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த கலவை. வெப்பத்தோடு மின்சாரத்தையும் கடத்துவது. ஒரு துளி சிதறி மின்முனைகளில் பட்டால் செயலி கருகும். அலுமினியத்தில் பட்டால் அதனை நொறுங்கச் செய்யும். ஆதலின் சில்லின் அருகிலுள்ள சிறு முனைகளை நகப்பூச்சுக் கொண்டு மறைப்பது வழக்கம். எம் இல்லத்தில் நகப்பூச்சுக் கிடையாது. நீர் புகவிடாமையால் வுளூவுக்குத் தடையாகும் எனப் பெண்கள் வாங்குவதில்லை. அப்புகவிடாக் குணமே ஈண்டு வேண்டப்பட்டதால் அலங்காரப் பொருள் கடைக்கு ஆளனுப்பினோம். பின்னர் குண்டூசித் தலையளவு உலோகத்தைப் பஞ்சுக்குச்சியால் சில்லின்மேல் கண்ணாடிபோல் தேய்த்துப் பரப்பி, மூடியைக் கவித்து நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டி, ஓரிரவு அழுத்தத்தில் வைத்தான். மறுநாள் அதே வேலையைக் கொடுத்துப் பார்த்தபோது, முன்பு 97 பாகை காட்டிய செயலி 79 பாகையில் நின்றது. தமக்கையார் அவ்வெண்களைப் பொருட்படுத்தவில்லை. பொறி ஓடுகிறதா என்பதை மட்டும் கேட்டறிந்து அடுக்களைக்குச் சென்றார்.

இத்தொழிலின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் வந்த ஐ9-9900கே முதலாக இன்டெல் தன் உயர்தரச் செயலிகளில் பற்றாசுக்குத் திரும்பியது. இண்டியம் ஏறத்தாழ 157 பாகையில் உருகுவது. அதனைப் பெயர்ப்பது பசையைப் பெயர்ப்பதினும் கடினம், பயனும் குறைவு. செயலிகளைச் செய்வோரே அவற்றை வேகத்தின் எல்லைக்கு அருகில் ஓட்டி விற்கத் தொடங்கியதால் கூட்டுவதற்கு வேகம் மிகுதியாக எஞ்சவில்லை. 2021 அக்டோபர் இறுதியில் சிலிக்கான் லாட்டரியும் கதவடைத்தது.

பழைய செயலி வைத்திருப்போர் நம்மூரில் இன்னும் உளர். எம் மருகன் பெயர்த்தான் என்னும் செய்தி பரவி, அவ்வாண்டின் இறுதிக்குள் அவன் தொழில் செய்யும் தெருவிலேயே இருவர் தம் செயலிகளோடு அவனிடம் வந்தனர். கூலி எவ்வளவு கேட்பது என எம்மை வினவினான். முதலில் சீட்டில் என்ன எழுதுவாய் என வினவினோம். இரண்டு நாள் எண்ணிப் பார்த்து, ‘என் கையால் பழுதானால் அன்றைய பழம்பொருள் விலையைத் தருவேன்’ என எழுதினான். அதற்கேற்பக் கூலியைக் கடைக்காரர் கேட்டதினும் ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னான். ஒருவர் ஒப்புக்கொண்டு செயலியைக் கொடுத்துச் சென்றார். மற்றவர், மிகை என்று கூறி, கருவியை மட்டும் ஒருநாள் இரவல் கேட்டார். கொடுத்தனுப்பினான், பழுதான அவ்விரண்டு செயலிகளுள் கீறல் விழாததையும் சேர்த்து.