பேச்சுத் துணை

அயல்மொழி பயில விரும்புவோர்க்கு இலக்கண நூலும் அகராதியும் எளிதிற் கிடைக்கும். கிடைத்தற்கரியது ஒன்றே: நம் பிழையைப் பொறுத்து, நம்மோடு அமர்ந்து பேசும் ஓர் உள்ளம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். பின்னாளில் புதிய ஏற்பாட்டையே தமிழாக்கி அச்சேற்றினார். அப்பெரும்பணிக்கும் முதல் துணை, அருகிருந்த சிறுவாய்களே.

நாம் வாழும் உல்லாஸ்நகர் இதற்கேற்ற ஊர். கல்யாண் இராணுவ முகாமாக இருந்த இவ்விடத்தில், 1947-இன் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்து அகதிகள் குடியமர்ந்தனர். 1949 ஆகஸ்ட் 8 அன்று இந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர், அந்நாளில் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி. சிந்து நிலம் இன்று அயல்நாடு; சிந்தி மொழியோ அடுத்த வீட்டில் ஒலிக்கிறது. 1967 முதல் அது நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது.

அம்மொழியை நமக்குப் பழக்கியவர் அடுத்த வீட்டு மூதாட்டியார். அலுவலகம் முடிந்து மின்சார ரயிலில் திரும்பும் நம்மை, அப்பளமும் தண்ணீரும் தந்து அமரச் செய்வார். நாம் இந்திக்குத் தாவினால் காது கேளாதவர்போல் இருந்துவிடுவார். பிழைபடப் பேசினாலோ குறை கூறமாட்டார். அதே தொடரைச் செம்மையாக்கிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பார். காதை இந்தியில் 'கான்' என்பர், சிந்தியில் 'கனு'. ஈற்றில் மெல்ல ஒலிக்கும் அந்த உகரம், நம் குற்றியலுகரத்துக்கு உறவுபோலத் தோன்றிற்று. காற்றை உள்வாங்கி ஒலிக்கும் நான்கு எழுத்துகள் மட்டும் நம் நாவுக்கு இன்னும் வசப்படவில்லை.

ஒருநாள் அவர் சொன்னார்: "மகனே, பேரப்பிள்ளைகளுக்கு நான் பேசுவது புரிகிறது, மறுமொழிதான் இந்தியில் வருகிறது. என்னோடு சிந்தியில் தடுமாறுவதற்கும் நீ மட்டும்தான் இருக்கிறாய்." அவர் நமக்குத் துணை என்றே எண்ணியிருந்தோம்; நாமும் அவருக்குத் துணை என்பது அன்று விளங்கிற்று.

இது சிந்தி வீட்டுக்கு மட்டும் உரிய துயரமா? தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை தரும் பிள்ளைகள் இல்லையா? அவர்தம் மழலைத் தமிழைக் கண்டு நாம் நகைத்தால், திறந்த வாயும் மூடிக்கொள்ளும். வகுப்பு எழுத்தைத் தரும். பேச்சைத் தருவது, நாள்தோறும் கால்மணி நேரம் நகையாமல் கேட்டிருக்கும் ஒரு பெரியவரே. அப்பதவி நம் வீடுகள் பலவற்றிலும் காலியாக உள்ளது. அதற்கு விண்ணப்பமும் வேண்டா, தேர்வும் வேண்டா. பொறுமை ஒன்றே தகுதி.