ஆனந்த பைரவியில் ஒரு கெட்ட வார்த்தை

2025-ல் 'கூலி' படத்தோட 'மோனிகா' வந்தப்போ எங்க நெட்டுக்குப்பத்துல அது கேக்காத தெருவே இல்லை. அனிருத் இசை, துறைமுகத்துல பூஜா ஹெக்டே ஆட்டம், அவங்களையே தூக்கிச் சாப்பிட்ட சௌபின் ஷாஹிர். எனக்கும் பிடிச்ச பாட்டுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா துறைமுகத்துக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவனுக்கு ஒரு சின்ன உறுத்தல். நம்ம சினிமால ஹார்பர்னா ஒண்ணு கடத்தல், இல்லேன்னா குத்துப்பாட்டு. அந்தக் கிரேனுக்கும் கடலுக்கும் நடுவுல வலை பின்னிட்டு நாலு பேர் உக்காந்திருப்பாங்கன்னு பாட்டு போடறவங்க யாருக்கும் தோணறதே இல்லை.

சரி, புலம்பல் போதும். தோணின ஒரு பாட்டைப் பத்திச் சொல்றேன். புதுசு இல்லை, 2017 பொங்கலை ஒட்டி வந்தது. 'சென்னை புறம்போக்கு பாடல்'. பாடினது டி.எம். கிருஷ்ணா, எழுதினது கபேர் வாசுகி, மெட்டு ஆர்.கே. ஸ்ரீராம்குமார். வீடியோ எடுத்தது எங்க எண்ணூர் கழிமுகத்துல. அப்போ நான் இன்ஜினியரிங் படிச்சுட்டிருந்தேன். இப்பவும் விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா, ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு தடவையாவது கேட்டுடுவேன்.

புறம்போக்குன்னா என்ன? வருவாய்த் துறை ஏட்டுல அது யார் பேர்லயும் பட்டா இல்லாத, ஊருக்கே பொதுவான நிலம். ஏரி, குளம், மேய்ச்சல் தரை, கடற்கரை எல்லாம் அதுல அடக்கம். மெட்ராஸ்ல அதுவே திட்டு. "போடா பொறம்போக்கு"ன்னு வாங்காம இங்க எவனும் வளர்ந்திருக்க முடியாது. அந்த வார்த்தையைக் கொண்டு போய் ஆனந்த பைரவியில உக்கார வெச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். தாலாட்டுக்கும் லாலிக்கும் எடுக்கற ராகம், சியாமா சாஸ்திரி உருகி உருகிப் பாட்டு போட்ட ராகம். அதுல 'புறம்போக்கு'ங்கற சொல்லு வந்து விழும்போது திட்டு கழண்டு போய் வெறும் நிலம் மட்டும் நிக்குது. பிறகு பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலக பைரவி, சிந்துபைரவின்னு ராகமாலிகையா ஓடும். (எனக்கு சங்கீதம் எல்லாம் தெரியாது. பேரெல்லாம் தேடிப் படிச்சதுதான். காது மட்டும் சொந்தம்.)

சேதி சொல்ற பாட்டுன்னாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. முக்கால்வாசி மனுவுக்கு மெட்டு போட்ட மாதிரி இருக்கும். அதனால ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன்: வீடியோவை மூடிட்டு, வார்த்தையை விட்டுட்டு, வெறும் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாக்கறது. இந்தப் பாட்டு அதுல பாஸ். மெட்ராஸ் பாஷை இத்தனை வருஷமா சினிமால சிரிப்புக்கும் ரவுடிக்கும்தான் நேந்து விட்டது. கமகத்துக்கு அந்த பாஷை தோதா இருக்கும்னு 2017-க்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்.

இதுக்கு முன்னோடி உண்டு. 1985-ல் 'சிந்து பைரவி'யில சுஹாசினி கச்சேரி நடுவுல எழுந்து, புரியற பாஷையில பாடுங்கன்னு சிவகுமாரைக் கேப்பாங்களே, அதேதான். இளையராஜா அதுல ஒரு நாட்டுப்புற மெட்டுல ஆரம்பிச்சு தியாகராஜரோட 'மரி மரி நின்னே'க்குக் கொண்டு போவார். காம்போதிக் கீர்த்தனையை சாரமதிக்கு மாத்தினது அந்த ஆளோட துணிச்சல். சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. ஆனா அந்தப் படம் தெலுங்கா தமிழாங்கறதோட நின்னுடுச்சு. எந்தத் தமிழ், யாரோட தமிழ்ங்கற கேள்விக்கு இன்னொரு முப்பது வருஷம் ஆச்சு.

எங்க பெரியப்பாவுக்கு ஒரு நாள் இதைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு உலகத்துல ஒரே பாட்டுதான், 1964-ல் வந்த 'படகோட்டி'யில டி.எம்.எஸ். பாடற மீனவர் சோகப் பாட்டு. வாலி எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி போட்ட மெட்டு. அறுபது வருஷமா கரையோரத்துல அதுக்குப் போட்டியே கிடையாது. பெரியப்பா கிருஷ்ணாவை முழுசாக் கேட்டார். "இன்னாடா, கச்சேரி பண்றவரு நம்ம பாஷை பேசறாரு"ன்னார். அப்புறம், "நல்லாத்தான் கீது நைனா. ஆனா நான் இத்த எப்டிப் பாடறது?"

நியாயமான கேள்வி. படகோட்டிப் பாட்டை மூச்சு வாங்கினபடி துடுப்பு போடறவனும் பாடலாம். ஆனந்த பைரவிக்கு வருஷக்கணக்குல பயிற்சி வேணும். அதுக்காகப் பெரியப்பா பாட்டை அப்படியே ஏத்துக்கவும் எனக்கு மனசு வரலை. அதுல மீனவனோட கஷ்டமெல்லாம் ஆண்டவன் எழுதின எழுத்து. புயல்ல போன உசுருக்கு அது சரி. ஆத்துல சாம்பலைக் கலக்க விட்டதை எந்த ஆண்டவன் கணக்குல எழுதறது?

புறம்போக்குப் பாட்டு வந்த அதே மாசம் 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. பக்கெட்டால அள்ளினாங்க, ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மறுபடியும் எண்ணெய். கொசஸ்தலை ஆறு, கழிமுகம், எங்க குப்பம், பக்கத்துக் குப்பங்கள் எல்லாம் கறுப்பு. பெரியப்பாவோட வலை மொத்தமும் போச்சு, ஃபைபர் போட்டுல அப்பினது தேய்க்கத் தேய்க்க வரலை. வீட்டுக்குள்ள தலைவலிக்கற நெடி. அந்த வாரம் மயிலாப்பூர் சபாக்கள்ல மார்கழிக் கச்சேரி அமோகமா நடந்துட்டிருந்தது. அதுல தப்பில்லை, சீசன்னா சீசன்தான். எனக்குத்தான் ஹெட்போன்ல எதுவும் ஓட்ட முடியலை.

எங்க தெருவுல சாவுக்கு டோலக் அடிச்சுக் கானா பாடுவாங்க. செத்தவன் பேர், அவன் போட்டு, அவன் குடிச்சது வரைக்கும் பாட்டுல வந்துடும். ஆத்துக்கு ஒருத்தரும் இன்னும் அப்படிப் பாடலை. கிருஷ்ணா பாடினது சபாவுக்குள்ள போகட்டும், போகணும். டோலக்குக்கும் ஒண்ணு வேணும், அம்மன் திருவிழா ஸ்பீக்கர்ல 'மோனிகா'வுக்கு அடுத்ததா போடற மாதிரி. பெரியப்பா பாடற சுருதியில.