வளைந்த துண்டு

போன மாதம் பூதலூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய் வந்தேன். இறந்தவர் என்னோடு துவாக்குடியில் வேலை பார்த்த வெல்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேரைப் போடவில்லை, அவர் பிள்ளைகள் விரும்புவார்களோ என்னவோ. அவருக்கு நான் செய்த ஒரு தப்பை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

1986-ஆம் வருஷம். பாய்லர் பிளான்ட்டை நம்பி துவாக்குடியில் சின்னதும் பெரிசுமாகப் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்த காலம். பெரும்பாலும் இரும்பு வேலைதான். எங்கள் முதலாளிக்கு அதற்கு மேல் ஆசை. ஒரு காஸ்டிக் சோடா ஆலைக்குப் பாத்திரம் செய்யும் ஆர்டரைப் பிடித்து வந்துவிட்டார். சூடான, அடர்த்தியான காஸ்டிக் சோடா சாதாரண இரும்பை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் விரிசல் விடும். நிக்கல்தான் தாங்கும். ஆனால் நிக்கல் விலைக்கு முழுப் பாத்திரமும் அதில் செய்ய எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. காஸ்டிக் படுகிற பாகம் நிக்கல், மற்றது இரும்பு என்று வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தாக வேண்டும்.

எடுத்த எடுப்பில் ஜாபில் கைவைக்க முடியாது. எந்தக் கம்பி, எத்தனை ஆம்பியர், எவ்வளவு சூடு என்று முதலில் ஒரு முறை எழுதி, அதன்படி ஒரு சோதனைத் தட்டைப் பற்றவைத்து, அதை அறுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், வளைத்துப் பார்க்க வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. விதிநூலின் ஒன்பதாம் பகுதி இதற்காகவே இருக்கிறது. தேறினால் அந்த முறைக்குத் தகுதி. அந்தத் தட்டைப் போட்ட வெல்டருக்கும் அதிலேயே தகுதி கிடைத்துவிடும். அவருக்குத் தனித் தேர்வு வேண்டாம். நிக்கல் வெல்டர் என்று கையில் ஒரு தாள் இருந்தால் அந்தக் காலத்தில் வளைகுடா ஏஜெண்டுகள் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள்.

தர ஆய்வுக்கு இருந்தவன் நான் ஒருவன்தான். டிப்ளமா முடித்து ஐந்து வருஷம். அந்தத் தட்டுக்கு முதலாளி அவரைத்தான் தேர்ந்தெடுத்தார். எங்களிடம் ஆர்கான் வெல்டிங்கில் அவருக்கு மிஞ்சிய கை கிடையாது. நிக்கல் உருகினால் இரும்பு மாதிரி ஓடாது. களி மாதிரி போட்ட இடத்திலேயே நிற்கும். ஓரத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பொறுமை வேண்டும். அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். 12 மில்லிமீட்டர் தட்டு. அறுத்தது போக மிச்சம் இருக்கட்டும் என்று நீளமாகவே போடச் சொல்லியிருந்தேன். எக்ஸ்ரேயில் ஒரு பொட்டுகூட இல்லை.

இழுவைச் சோதனையும் தேறியது. இரண்டு உலோகமும் இரண்டு பலம் என்றால் பலம் குறைந்ததன் கணக்கைத் தாண்டினால் போதும். எங்கள் இரும்புக்கு சதுர மில்லிமீட்டருக்கு 49 கிலோ, நிக்கலுக்கு 38.7. துண்டு நிக்கல் பக்கம்தான் அறுந்தது, அதுவும் கணக்கைத் தாண்டிய பிறகு. எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்தது பெண்ட் டெஸ்ட். வெல்டுக்குக் குறுக்கே 10 மில்லிமீட்டர் கனத்தில் பட்டை பட்டையாக அறுத்து, 38 மில்லிமீட்டர் உருளையில் வைத்து யு மாதிரி வளைப்பது. வெளித்தோல் ஐந்தில் ஒரு பங்கு நீளும். 3 மில்லிமீட்டருக்கு மேல் எங்காவது பிளந்தால் தோல்வி. வெல்டும் அதன் ஓரங்களும் முழுக்க வளைவுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. நான்கு துண்டில் இரண்டு, நிக்கல் ஓரத்தில் வாய் பிளந்தன. மற்ற இரண்டில் வெல்டு வளைவை விட்டு நழுவி நேராக நின்றது.

அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சார், தட்டு முழுசா வளையல. நிக்கல் மெத்துனு இருக்கு, இரும்பு முரடா நிக்குது. வளையுறதெல்லாம் அந்த ஒரு பக்கமே வளையுது. எங்கயாச்சும் ஒரே இடத்துல இழுத்தா பிய்யாம என்ன பண்ணும்?" என்றார்.

இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் கேட்கவில்லை. காரணம், அதற்கு முந்தின வாரம்தான் ஒரு புத்தகத்தில் நிக்கலுக்குக் கந்தகம் விஷம் என்று படித்திருந்தேன். எண்ணெய், கிரீஸ், குறி போடும் சாக்கு எதில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கந்தகம் சூட்டில் உள்ளே போய் விரிசல் விடும். அது உண்மைதான். ஆனால் படித்த அந்த ஒன்றையே எங்கும் பார்க்கிற வயசு அது. "ஜாயின்ட்டைச் சரியாகத் துடைக்கவில்லை" என்று அறிக்கை எழுதினேன். அவர் அசிட்டோனில் மூன்று தரம் துடைத்ததையும், இதற்கென்றே புது பிரஷ் வாங்கிவரச் சொல்லி அதை வேறு எதற்கும் தொடாமல் வைத்திருந்ததையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இருந்தும் எழுதினேன்.

முதலாளி அவரை இரும்புச் சட்டம் அடிக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டு வேறொருவரை உட்காரவைத்தார். இரண்டாவது தட்டும் அச்சாக அதே மாதிரி நழுவியது, அதே மாதிரி பிளந்தது. அதைப் பார்க்க வந்திருந்த வெளி இன்ஸ்பெக்டர் வயசானவர், அதிகம் பேசமாட்டார். என் மேஜையில் இருந்த விதிநூலையே எடுத்துப் புரட்டி ஒரு பத்தியில் விரலை வைத்தார். வளையும் தன்மையில் ரொம்ப வித்தியாசப்படுகிற உலோகங்களைச் சேர்த்தால், குறுக்கே அறுக்காமல் வெல்டின் நீளவாக்கிலேயே துண்டு எடுத்து வளைக்கலாம். அப்போது இரும்பு, வெல்டு, நிக்கல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாக நீண்டாக வேண்டும். ஒன்று மற்றதன் தலையில் பாரத்தைத் தள்ள முடியாது. அவ்வளவு நாளும் அந்தப் புத்தகத்தின் மேல்தான் நான் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தட்டின் மிச்சத்தில் நீளவாக்கில் அறுத்து வளைத்தோம். நான்கும் தேறின. பதிவேட்டில் இரண்டாவது வெல்டரின் பேரும் முத்திரை எண்ணும் ஏறியது. அவரும் நல்ல வெல்டர்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆள் இல்லாதபோது, முதல் தட்டின் மிச்சத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் நீளவாக்கில் ஒரு துண்டு அறுத்து, பத்து மில்லிக்குச் சீவி, வளைத்தேன். கொண்டை ஊசி மாதிரி வளைந்தது. லென்ஸ் வைத்துத் தேடினேன். கீறல்கூட இல்லை.

திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்திருக்க வேண்டும். இன்னும் மூன்று துண்டு வளைத்தால் அவருக்கும் தகுதி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் என் பழைய அறிக்கை தப்பு என்று ஆகும். விதியைப் படிக்காமல் ஒரு தட்டை வீணாக்கினோம், நிக்கல் என்ன விலை என்ற பேச்சு வரும். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தார்கள். துண்டைத் துணியில் சுற்றி டிராயரில் போட்டேன். பத்து தப்படி தூரத்தில் அவர் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து சவூதிக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடமும் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார்.

அவர் ஊர் திரும்பிவிட்டார் என்று 2003-இல் கேள்விப்பட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு பூதலூருக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் இரும்புப் பக்கம் துருவேறிச் சிவந்திருந்தது. வெல்டும் நிக்கலும் மங்கலாக, ஆனால் சுத்தமாக இருந்தன.

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"என் தட்டா?"

"ஆமாண்ணே."

"எப்ப வளைச்சீங்க?"

சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"அப்ப நான் அங்கதானே இருந்தேன்."

"ஆமாண்ணே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். அந்தத் தாள் இல்லாம அங்க போயி மூணு வருஷம் பைப்புக்கு சப்போர்ட் அடிச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். துண்டை அவரே வைத்துக்கொண்டார்.