கடைசிப் பக்கம்

அப்பாவின் மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுத ஒரு நீள நோட்டு இருந்தது. அதன் கடைசிப் பக்கம் மட்டும் தனி. கேட்டு வந்தவர்களிடம் "இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிய சாமான்களை அதில் பென்சிலால் குறித்து வைப்பார். "வித்தது கல்லாப்பெட்டிக்கே தெரியுங் கண்ணு. இல்லைன்னு அனுப்புனதை நாமதான் எழுதி வெக்கோணும்" என்பார். சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தியபின் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கொள்முதல் பட்டியல் போடுவார்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வுக்குத் திட்டம் வகுக்கச் சொன்னபோது எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வரவில்லை. மென்பொருள் வாங்கினோம். சுவரில் பெரிய டிவி மாட்டி நாற்பது வரைபடங்கள் ஓடவிட்டோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் செக்கிங் டேபிள் பக்கம் போனேன். ஒரு அக்கா டீசர்ட் கழுத்தைத் திருப்பி, தையல் நழுவிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கூடை நிரம்பி வழிந்தது. "ரிஜெக்ட் இவ்வளவாக்கா?" என்றேன். "ரிஜெக்ட் கம்மிதான் தம்பி. இதெல்லாம் ஆல்டர். பிரிச்சுத் தச்சா நல்ல பீஸ் ஆயிரும். கம்ப்யூட்டர்ல இதுக்குக் கட்டம் இல்லையே" என்றார். பிரித்துத் தைத்த கூலி, நூல், நேரம் எதுவுமே எங்கள் கணக்கில் இல்லை. திரையில் அவற்றைத் தைத்த லைன் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அங்கே நின்றபோதுதான், அப்பா பென்சிலில் எழுதிய அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு ஒரே தாளில் மூன்று கேள்விகள் எழுதினோம். எந்த லைனில் ஆல்டர் கூடுகிறது? சாயப்பட்டறையிலிருந்து எந்தத் துணி தாமதமாக வருகிறது? விலை கேட்டுப் போன எந்த ஆர்டர் திரும்ப வரவில்லை, ஏன்? ஒவ்வொன்றுக்கும் எதிரே, விடையைப் பார்த்து முடிவெடுப்பவர் யார், எந்தக் கிழமை பார்ப்பார் என்றும் எழுதினோம். விடை தேடப் பதிவுகளைத் திறந்தால், ஒரே நிறம் நேவி, நேவி புளூ, கருநீலம் என்று மூன்று பெயரில் பதிவாகியிருந்தது. பெயரை ஒன்றாக்கவே பல வாரம் பிடித்தது. ஒரு லைனில் மட்டும் தொடங்கினோம். ஆல்டருக்கு ஒரு கட்டம் வந்தது. அதன் வாரக் கணக்கை முதலில் அந்த அக்காவிடம்தான் காட்டினோம்.

கணக்கில் சேராமல் போவது எங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதல்ல. 2020 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்த செய்தி இன்னும் மனதில் நிற்கிறது. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதைத் தாண்டியவை விழுந்துபோக, 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. தொற்று வந்தவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. விழுந்த வரிசை தானாக வந்து குரல் கொடுக்காது. எதெல்லாம் வந்து சேர வேண்டும் என்று முன்பே தெரிந்தவர்தான் அதைத் தேடுவார்.

அப்பா அந்தத் தேடலைத்தான் வாராவாரம் செய்தார். மூன்று பேர் கேட்ட சாமான் அடுத்த வாரம் கடையில் இருக்கும்.

உங்கள் நிறுவனத்துக்குத் தரவுத் திட்டம் எழுத உட்காரும்போது, மென்பொருள் விலைப்பட்டியலை அப்புறம் பாருங்கள். நீங்கள் இல்லை என்று சொன்னவற்றுக்கும் திருத்தி மறைத்தவற்றுக்கும் முதலில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.