எலப்புள்ளியில் ஓர் இலை

எலப்புள்ளிக்கு அருகில் பணியேற்ற முதல் ஆண்டு; கார்த்திகை மாதம். பனைமரங்கள் நின்ற வரப்பின் வழியே ஒரு மாலை நடந்துகொண்டிருந்தேன். இரண்டாம் போக நெல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதன் இலைகளில் கடுகினும் சிறிய பழுப்புப் புள்ளிகளைக் கண்டேன். தஞ்சையில் என் தந்தையின் வயலைக் குலைநோய் அழித்ததைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தவள் நான். ஆகவே பதறினேன்.

"ஐயா, பயிருக்கு நோய் வந்துவிட்டதே! உடனே மருந்து அடியுங்கள்" என்றேன்.

வயலுக்குரிய முதியவர் இலையைத் தடவிப் பார்த்தார். "ஒரு வாரம் பொறுப்போம் டீச்சர். புள்ளி பெரிதானால் மருந்து, இல்லையென்றால் பயிரே பார்த்துக்கொள்ளும்" என்றார்.

எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. மறுநாள் ஓர் இலையைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். உயிரியல் ஆசிரியர் விளக்கினார்: குலைநோய்ப் பூஞ்சையின் வித்து, ஈரமான இலைமேல் முளைத்துச் செல்லுக்குள் நுழைகிறது. தொடக்கத்தில் உயிருள்ள செல்லே அதற்கு உணவு. எதிர்ப்பாற்றல் உள்ள நெல் அப்பகையை அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே தாக்கப்பட்ட செல்லும் அதை ஒட்டிய சில செல்களும் மடிந்துவிடுகின்றன. பூஞ்சை மேலும் பரவ வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. அச்செல்கள் மடிந்த இடமே பழுப்புப் புள்ளி. அடையாளம் காண இயலாத நெல்லிலோ புள்ளி வளர்ந்து, இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறம் கொண்ட கண்போல் விரியும். என் தந்தையின் வயலில் நான் கண்டது அதுவே.

இதை முற்காலத்திலேயே கண்டறிந்தவர்களுள் ஒருவர் மார்ஷல் வார்டு. தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து சென்று உழைத்த இலங்கைக் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தபோது, 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி அதனை ஆராய்ந்தவர் அவர். பின்னர் 1902இல், துருநோயை எதிர்க்கும் புல்லின் செல்கள் விரைந்து மடிவதை இங்கிலாந்தில் கண்டு எழுதினார். அமெரிக்க அறிஞர் ஸ்டாக்மன் 1915இல் அதனை 'மிகையுணர்வு' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார்.

ஒரு வாரம் கழித்து வயலுக்குச் சென்றேன். புள்ளிகள் வளரவில்லை, முதியவர் மருந்தும் அடிக்கவில்லை. "இனி அச்சமில்லையே?" என்று கேட்டேன்.

"இந்தப் போகத்துக்கு இல்லை டீச்சர். நோயும் ஆள் மாறி வரும், நாம்தான் தினமும் பார்க்க வேண்டும்" என்றார்.

பூஞ்சையும் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை அவர் நூலில் படித்தவர் அல்லர். இப்போது இவ்வூரின் பெயரை எழுதும்போதெல்லாம், அதற்குள் ஓர் இலையும் ஒரு புள்ளியும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.