தீவுக்குச் சென்ற நூல்

கோடை விடுமுறையில் ஈழத் தீவிற் பத்து நாள் தங்கும் பேறு எமக்குக் கிட்டிற்று. புறப்படுதற்கு முதல் நாள், ஆயக்குடியில் எம் இல்லத்துத் திண்ணையிற் பெட்டியைத் திறந்து வைத்து, எந்நூலைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என மயங்கினோம். பெட்டியோ சிறிது, ஆசையோ பெரிது. நாவல்கள் ஐந்து முதலிற் புகுந்தன.

அதுகண்ட எம் பாட்டனார், "கடற்காற்றில் உறங்குதற்கு இத்தனை தலையணை எதற்கப்பா?" என்று நகைத்து, தம் பழைய கலித்தொகையை எம் கையில் வைத்தார். "1887இல் இதனை ஏட்டினின்று அச்சேற்றி நமக்களித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் பிறந்த மண்ணில் இதனைப் படி" என்றார்.

அப்பொழுது, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பரானமை எம் நினைவில் எழுந்தது. நமக்கு ஏட்டைக் காத்துத் தந்தோரின் ஏடுகளைத் தீ உண்டது! நாவல்களை வெளியே எடுத்தோம்.

பத்து நாளும் கலித்தொகையே எமக்குத் துணையாயிற்று. மீளுங்கால், பாட்டனாரின் இசைவு பெற்று, அதனை ஆங்கு ஒரு மாணவர்க்கு அளித்து வந்தோம். பெட்டி இலேசாயிற்று, கடன் இலேசாயிற்றென்று சொல்லத் துணியோம்.